வெளிநாட்டில் தொண்டு செய்யப் போவது: பிரிட்டனா, ஜெர்மனியா, அமெரிக்காவா?

குடியாத்தத்தில் பி.எஸ்சி. நர்ஸிங் கடைசி வருடம் படிக்கும் ஒரு பெண். காட்பாடியில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு பையன். வாலாஜாவில் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா. போன மாதம் இந்த மூன்று பேரும் தனித்தனியாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: வெளிநாட்டில் கொஞ்ச காலம் தொண்டு செய்ய ஆசை, எந்த நாட்டுக்கு, எந்த விசாவில் போவது? நான் 2017-ல் ஸ்காட்லாந்தில் மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றில் ஒன்பது மாதம் இருந்துவிட்டு வந்தவள். அதனால் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவைத் தாண்டியும் இந்த விஷயத்துக்கு என்னைத்தான் கைகாட்டிவிடுகிறார்கள்.

காட்பாடிப் பையன் ஆரம்பத்திலேயே மடக்கினான்: "இன்னாக்கா, சம்பளமே வாங்கப் போறதில்ல. அதுக்கு எதுக்குத் தனி விசா? டூரிஸ்ட்ல போய்ட்டு வந்தா ஆகாதா?"

பெரும்பாலும் ஆகாது. ஏன் என்று புரிய நம் ஊரையே பார்த்தால் போதும். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த சிஎம்சி மருத்துவமனைக்கும், கரிகிரி தொழுநோய் மருத்துவமனைக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இந்தியாவுக்குத் தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு நம் அரசு வைத்திருக்கும் விதி இது: சுற்றுலா விசாவில் அதிகபட்சம் ஒரு மாதம், அதுவும் கைமாறாக எதையும் வாங்காமல். அதற்கு மேல் என்றால் தொண்டு நிறுவனத்தின் பெயரும் இடமும் குறித்த வேலை விசா வேண்டும். விசா 180 நாளுக்கு மேல் என்றால் வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். நாம் அங்கே போனால் அவர்களும் இதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். முதியவர் ஒருவருக்குச் சோறு ஊட்டுவது நமக்குப் புண்ணியம். உள்ளூர்க்காரர் ஒருவர் சம்பளத்துக்குச் செய்யக்கூடிய காரியம் என்பதால் குடிவரவு அதிகாரிக்கு அது வேலை.

## எதை வைத்து முடிவெடுப்பது

நாட்டின் பெயரில் தொடங்காதீர்கள். லண்டன் ஆசையும் பெர்லின் ஆசையும் அப்புறம். முதலில் எத்தனை மாதம் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். கட்டணம் முதல் மருத்துவப் பரிசோதனை வரை பலதும் அதைப் பொறுத்துத்தான் மாறும். அடுத்து, உங்களை அழைக்கிற அமைப்புக்கு அப்படி அழைக்க அந்த நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, கைக்காசு எவ்வளவு போகும், விசா கிடைக்காவிட்டால் அதில் திரும்பி வராதது எவ்வளவு. பிறகு வயது, மொழி. கடைசியாக, முடிந்ததும் மூட்டை கட்டியே ஆக வேண்டுமா, அங்கேயே படிப்புக்கோ வேலைக்கோ மாற வழி இருக்கிறதா.

என் கணக்கில் இவற்றில் இரண்டாவதுதான் கனமானது. சரியான அமைப்பு கடிதம் கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் காகித வேலை. அது இல்லாமல் மற்ற நான்கும் கச்சிதமாக இருந்தும் பயன் இல்லை.

## பிரிட்டன்

இங்கே தொண்டுக்கென்றே ஒரு விசா இருக்கிறது: 'சாரிட்டி ஒர்க்கர்', தற்காலிகப் பணி விசாக்களில் ஒன்று. 18 வயது முடிந்திருக்க வேண்டும், மேல் வரம்பு இல்லை. ஆங்கிலத் தேர்வு கிடையாது. ஐஇஎல்டிஎஸ் கோச்சிங்குக்கு யாராவது உங்களை இழுத்தால் இந்த விசாவுக்கு அது தேவையில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். அதிகபட்சம் 12 மாதம்.

அச்சாணி, ஸ்பான்சர் சான்றிதழ். பிரிட்டன் உள்துறையிடம் உரிமம் வாங்கிய தொண்டு நிறுவனம் மட்டுமே அதைத் தர முடியும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை அரசாங்கமே வெளியிடுகிறது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் பெயர் இல்லாத நிறுவனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த விசாவுக்கு உதவாது. செய்யும் பணியும் சம்பளமில்லாத தொண்டாக இருக்க வேண்டும்; நியாயமான செலவுகளை வாங்கிக்கொள்ளலாம், நிரந்தர ஊழியர் இடத்தை நிரப்பக் கூடாது.

பணத்துக்கு வருவோம். 2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணம் 319 பவுண்டு ஆனது. அதோடு நின்றால் பரவாயில்லை. அவர்களுடைய அரசு மருத்துவ சேவைக்கென்று வருடத்துக்கு 1,035 பவுண்டு கூடுதலாகக் கட்ட வேண்டும். ஒரு பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால்கூட இரண்டும் சேர்ந்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. போதாக்குறைக்கு 1,270 பவுண்டு உங்கள் வங்கிக் கணக்கில் 28 நாள் குறையாமல் இருந்ததாகக் காட்ட வேண்டும். முதல் மாதச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஸ்பான்சர் சான்றிதழிலேயே எழுதிவிட்டால் இது மட்டும் தப்பும். எழுதச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

இனி நான் ஏமாந்த இடம். அந்த மருத்துவக் கட்டணம், இங்கிருந்து விண்ணப்பித்து ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ போகிறவர்களுக்குக் கிடையாது. ஆறு மாதத்தை ஒரு நாள் தாண்டினாலும் முழு வருடக் கட்டணம். காசநோய்ப் பரிசோதனையும் அப்படியே: ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்குத்தான் கட்டாயம், அதையும் அவர்கள் அங்கீகரித்த கிளினிக்கில் மட்டுமே எடுக்க வேண்டும். நான் ஒன்பது மாதத்துக்கு விண்ணப்பித்து ஒரு வருடக் கட்டணத்தை முழுசாகக் கட்டினேன், எக்ஸ்ரேவுக்கென்று சென்னைக்குத் தனியாக ஒரு நடை போனேன். அப்போது வருடத்துக்கு 200 பவுண்டுதான், அதனால் வலி தெரியவில்லை. இன்றைக்கு அதே தப்பைச் செய்தால் லட்ச ரூபாய்க்கு மேல் அடி. ஆகவே பிரிட்டனுக்கு என்றால் ஆறு மாதம், இல்லாவிட்டால் பன்னிரண்டு மாதம். ஏழு, எட்டு, ஒன்பது எல்லாம் நஷ்டக் கணக்கு.

கணவன், மனைவி, குழந்தைகளையும் அழைத்துப் போக விதியில் இடமுண்டு. ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதால் நடைமுறையில் தனியாகப் போவதே வழக்கம்.

ஒரு மாதமே போதும் என்கிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. சாதாரண விசிட்டர் விசாவில் போய், அங்கே பதிவு பெற்ற அறக்கட்டளையில் மொத்தம் 30 நாள் வரை தொண்டு செய்யலாம். மகள் வீட்டுக்குப் போகும் அம்மா அப்பாக்களுக்கு இது பொருந்தும். பட்டதாரியாக, 18 முதல் 30 வயதுக்குள் இருக்கிறவர்களுக்கு இந்தியா–பிரிட்டன் இளம் தொழில்முறையாளர் திட்டம் என்று ஒன்றும் உண்டு. இரண்டு வருடம், பெரும்பாலான வேலைகளைச் செய்யலாம், தொண்டும் செய்யலாம். ஆனால் அது குலுக்கல். பெயர் விழுந்தால் 2,530 பவுண்டு சேமிப்பைக் காட்ட வேண்டும், இரண்டு வருட மருத்துவக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும்.

## ஜெர்மனி

செலவு குறைவு, உழைப்பு அதிகம். ஒரே வரியில் கேட்டால் ஜெர்மனியைப் பற்றி இப்படித்தான் சொல்வேன்.

அங்கே தன்னார்வப் பணியே சட்டப்படி அமைந்த ஒரு ஏற்பாடு. 'சமூக சேவை ஆண்டு' என்பதற்கு 1964-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். 2011-ல் கட்டாய ராணுவ சேவையை நிறுத்தியபோது, அதற்கு மாற்றாக இளைஞர்கள் ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் செய்துவந்த பணியும் நின்றுபோனது. அந்த இடத்தை நிரப்ப 'கூட்டாட்சித் தன்னார்வ சேவை' வந்தது. முன்னதில் சேர 27 வயது நிரம்பியிருக்கக் கூடாது. பின்னதற்கு வயது வரம்பு இல்லை. இரண்டுமே வழக்கமாக ஒரு வருடம், 18 மாதம் வரை நீளலாம்.

ஜெர்மனியின் தேசிய விசாவுக்கு 75 யூரோ. மருத்துவக் காப்பீடு உட்பட சமூகக் காப்பீட்டுத் தொகையை உங்களை வைத்துக்கொள்கிற நிறுவனமே கட்டுகிறது. பிரிட்டனில் லட்சக் கணக்கில் போகும் இடம் இங்கே பூஜ்யம். மேலே கைச்செலவுக்கும் கொடுப்பார்கள். அதற்குச் சட்டத்தில் உச்ச வரம்பு மட்டும்தான் இருக்கிறது, குறைந்தபட்சம் இல்லை. வரம்பைப் பார்த்து மனக்கோட்டை கட்ட வேண்டாம், பல இடங்களில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். தங்குமிடமும் சாப்பாடும் தருகிறார்களா என்பதுதான் முக்கியம். எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் விசா அதிகாரி வாசிப்பது அந்த ஒப்பந்தத்தைத்தான். கைச்செலவும் இருப்பிடமும் சேர்ந்து பிழைப்புக்குப் போதாது என்று பட்டால் கூடுதல் பணத்துக்கு ஆதாரம் கேட்பார்கள்.

விலை வேறு இடத்தில் இருக்கிறது: மொழி. ஜெர்மன் மொழியில் ஏ1 என்பது தொடக்க நிலை. முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி "வலிக்குது" என்று முனகுவது புரிய அது போதாது. அதனால் பல அமைப்புகள் அதற்கு மேற்பட்ட ஏ2, பி1 நிலைகளைக் கேட்கின்றன. (இந்த பி1 மொழி நிலை. கீழே வரும் பி-1 அமெரிக்க விசா. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒருவர் எனக்குப் போன் செய்திருக்கிறார்.) வகுப்பு, தேர்வு, சென்னைக்குப் போய்வருவது என்று மாதக் கணக்கில் போகும். போய் இறங்கிய பிறகும் வேலை தீராது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், அப்புறம் வெளிநாட்டினர் அலுவலகத்தில் தங்கும் அனுமதி அட்டை. ஒரு வருடப் பணியில் 25 நாள் பயிற்சி வகுப்புகளும் உண்டு. 27 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது கட்டாயம்.

ஜெர்மனிக்கு ஒரு கூடுதல் புள்ளி போடுவேன். ஆண்டு முடிந்ததும் அங்கேயே தொழிற்பயிற்சிக்கு மாறுகிறவர்கள் நிறையப் பேர். முடிவு உள்ளூர் வெளிநாட்டினர் அலுவலகத்தின் கையில் இருந்தாலும் வழி திறந்திருக்கிறது. பிரிட்டனின் தொண்டு விசா 12 மாதத்துக்கு மேல் நீளாது, அங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கும் அது வழி இல்லை.

## அமெரிக்கா

இங்கே தொண்டுக்கென்று தனி விசா இல்லை. வணிகப் பயணத்துக்கான பி-1 விசாவில் தன்னார்வ சேவைக்கு ஒரு சிறிய கதவு உண்டு. மத அமைப்பு அல்லது லாப நோக்கமில்லாத அறநிறுவனம் முறையாக நடத்தும் சேவைத் திட்டமாக இருக்க வேண்டும், உள்ளூர் மக்களுக்குப் பயன்பட வேண்டும், அமைப்போடு உங்களுக்கு ஏற்கெனவே உறுப்பினர் பிணைப்பு இருக்க வேண்டும். சம்பளம் கூடாது, தங்கும் செலவுக்கான படி வாங்கலாம். பொருள் விற்பதும் நன்கொடை வசூலிப்பதும் தொண்டில் சேராது.

கட்டணம் 185 டாலர், பதினாறாயிரம் ரூபாயைத் தொடும். விசா கொடுக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. சிக்கல் கட்டணத்தில் இல்லை, சென்னை துணைத் தூதரகத்தின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. விண்ணப்பிக்கிற எல்லோரும் அங்கேயே தங்கிவிட வருகிறவர்கள் என்று வைத்துக்கொண்டுதான் சட்டம் தொடங்குகிறது. இல்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. 23 வயது, கல்யாணம் ஆகவில்லை, வேலை இல்லை, ஒரு வருடம் சும்மா சேவை செய்யப் போகிறேன் என்றால் நம்புவார்களா? நானே நம்ப மாட்டேன். பென்ஷன், வீடு, முப்பது வருட சபைத் தொடர்பு உள்ள ஒருவர் நான்கு மாதத்துக்குப் போகிறேன் என்றால் கதை வேறு. மருத்துவக் காப்பீடு உங்கள் செலவு. அங்கே அதில்லாமல் ஒரு பல்வலிகூட வரக் கூடாது.

## ஐநா தன்னார்வலர்

எல்லோரும் கேட்பதால் சுருக்கமாக. ஜெர்மனியின் பான் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஐநா தன்னார்வலர் திட்டத்தில் தேர்வாகிவிட்டால் வாழ்க்கைப்படி, காப்பீடு எல்லாம் உண்டு, விசா வேலையிலும் துணை இருக்கும். நாட்டை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, இருக்கிற பணியிடத்துக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். போட்டி கடுமை. 18 முதல் 26 வயது வரை இளைஞர் பிரிவு. 27-க்கு மேல் துறை அனுபவம் கேட்பார்கள். இணையம் வழியாக வீட்டிலிருந்தே தொண்டு செய்யும் பிரிவும் உண்டு, அதற்கு விசாவே வேண்டாம். கைக்குழந்தை வைத்திருக்கும் என் தங்கைக்கு அதைத்தான் சொன்னேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பிரிட்டன் தொண்டு விசா | ஜெர்மனி சேவை ஆண்டு | அமெரிக்கா பி-1 |
|---|---|---|---|
| காலம் | 12 மாதம் வரை | வழக்கமாக 12, 18 மாதம் வரை நீளலாம் | விமான நிலையத்தில் அதிகாரி முடிவு செய்வார் |
| வயது | 18-க்கு மேல் | ஒரு பிரிவுக்கு 27-க்குள், மற்றதற்கு வரம்பில்லை | வரம்பில்லை |
| மொழித் தேர்வு | இல்லை | ஜெர்மன் வேண்டும் | இல்லை |
| கட்டணம் | 319 பவுண்டு (2025 ஏப்ரல் நிலவரம்). ஆறு மாதம் தாண்டினால் மேலும் 1,035 | 75 யூரோ | 185 டாலர் |
| மருத்துவம் | 1,035 பவுண்டு கட்டினால் அதில் அடக்கம் | நிறுவனம் கட்டும் | உங்கள் செலவு |
| பெரிய தடை | உரிமம் உள்ள ஸ்பான்சர் | மொழி | நேர்காணல் |

## எந்தப் பட்டியலிலும் வராத செலவுகள்

பெயர். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது ஒரு தனி வரி மாதிரி. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, டிகிரி சர்டிபிகேட்டில் இனிஷியல், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால். சென்னை விசா மையத்தில் கவுன்டரில் இருந்தவர் மூன்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு, "மேடம், சர்நேம்?" என்றார். "கிடையாது சார், அப்பா பேரோட முதல் எழுத்துதான்." அவர் பேனாவை மூடியால் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். அன்றைக்கு வேலை முடியவில்லை. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கிக்கொண்டு மறுபடியும் காட்பாடியில் அதிகாலை ரயில் பிடித்தேன். அமெரிக்க விசாவில் இன்னும் வேடிக்கை. ஒற்றைப் பெயர் என்றால் அதைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சடிப்பார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். அப்பா பெயரைப் பாஸ்போர்ட்டில் விரித்துச் சேர்ப்பதாக இருந்தால் அதை முதலில் முடியுங்கள், ஸ்பான்சர் கடிதம் வந்த பிறகு மாற்றினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும்.

குழந்தைகள், முதியவர்கள் நடுவே பணி என்றால் போலீஸ் நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். பாஸ்போர்ட் சேவா வழியாக 500 ரூபாய்தான், ஆனால் உள்ளூர் ஸ்டேஷன் விசாரணை முடிந்து கைக்கு வருவதற்குள் நாள் போகும்.

அப்புறம் ஏஜென்ட். என் பெரியப்பா மகன் 'ஐரோப்பாவில் தொண்டுப் பயணம்' என்று ஒரு ஏஜென்சியிடம் எண்பதாயிரம் கட்டினான். அவர்கள் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்து, அதே ஃபைலில் அனாதை இல்லத்தின் அழைப்புக் கடிதத்தையும் சேர்த்து வைத்திருந்தார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்கு எதற்கு வேலைக் கடிதம்? நிராகரித்துவிட்டார்கள். பணம் போனதுகூடப் பெரிதில்லை. முன்பு எந்த நாடாவது விசா மறுத்திருக்கிறதா என்று பிரிட்டன் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் ஆம் என்று எழுதி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

## யாருக்கு எது

டீச்சரம்மாவுக்கு லீட்ஸில் மகள் இருக்கிறாள். அவருக்கு 12 மாத விசா எதற்கு? விசிட்டர் விசாவில் போய், 30 நாளை மகள் வீட்டருகே ஒரு பதிவு பெற்ற அறக்கட்டளையில் கழிக்கலாம் என்றேன். அழைப்புக் கடிதத்தை மறைக்காமல் விண்ணப்பத்திலேயே வைக்கச் சொன்னேன். அமெரிக்காவில் அவர் சபைக்குத் தொடர்பு இருப்பதாகவும் சொன்னார். அது அடுத்த வருடக் கதை.

குடியாத்தத்துப் பெண்ணிடம் ஜெர்மன் சேவை ஆண்டு வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டேன். நான்கு வருடம் நர்ஸிங் படித்தவளை அங்கே உதவியாளராகத்தான் வைத்துக்கொள்வார்கள். குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் கேவலமில்லை, ஆனால் ஜெர்மன் கற்கிற அதே பாட்டை நர்ஸ் தகுதிக்கான அங்கீகாரத்துக்குப் பட்டால் முழுச் சம்பளத்தில் நர்ஸாகவே போகலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திடம் முதலில் விசாரிக்கச் சொன்னேன். தொண்டுதான் மனசு என்றால் நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டு, ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு, பிரிட்டனுக்கு ஆறு மாதம். ஆனால் அங்கே தொண்டு விசாவில் நர்ஸாகச் சம்பளம் வாங்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் வாடியது.

காட்பாடிப் பையனுக்குத்தான் ஜெர்மனி பொருந்துகிறது. கையில் பணம் இல்லை, நேரம் இருக்கிறது, கற்றுக்கொள்கிற மூளை இருக்கிறது. குலுக்கல் திறக்கும்போது பிரிட்டனுக்கும் பெயர் போட்டு வைக்கச் சொன்னேன், அதற்குக் காசு கிடையாது. வயது கேட்டேன். 25 முடிந்து நான்கு மாதம் என்றான். அங்கே சேவை ஆண்டு பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். இடம் தேடுவதை அதற்கு முந்தின குளிர்காலத்திலேயே ஆரம்பிக்க வேண்டும், அதற்குள் ஏ2 கையில் இருக்க வேண்டும். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்போ இந்த வாரமே கிளாஸ் சேரணுமாக்கா?" என்றான். ஆமாம் என்றேன்.